திருத்தணி மலை ஏறிய வேனும் அதன் இன்ஜின்களும்

இன்றைக்கு ஒரு பழைய வேனைப் பற்றிப் பேசப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வேனுக்குள் மாறி மாறி உட்கார்ந்த இன்ஜின்களைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன ஞாபகம். 1980களின் நடுவில், எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, எங்கள் குடும்பம் சென்னையிலிருந்து திருத்தணி, அங்கிருந்து திருப்பதி என்று வாடகை வேனில் கிளம்பியது. பெரியவங்க, சின்னவங்க எல்லாம் சேர்ந்து பதினாறு பேர். பாய், தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், புளியோதரை தூக்கு, இரண்டு பிளாஸ்டிக் குடம் தண்ணீர். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஸ்டவ் பற்றவைத்து, காபி போட்டார்கள். வேனின் பின்பக்கத்தில் பாய் விரித்து என் தங்கை தூங்கினாள். வெளிநாட்டில் இதற்குக் கேம்பர்வேன் என்று பேர் வைத்து, மடக்கு கட்டிலும் சின்ன சிங்க்கும் வைத்து விற்கிறார்கள். நம்ம ஊரில் அது வாடகைக்கு வந்த டூரிஸ்ட் வேன்தான். ராத்திரி அதுவே வீடு.

திருத்தணி அடிவாரத்தில் மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். "ஆம்பளைங்க எல்லாம் இறங்கிடுங்க சார். படியேறி வந்திடுங்க. பொம்பளைங்களும் குழந்தைங்களும் மட்டும் உட்காருங்க." அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். எப்படியும் 365 படி ஏறணும்னு வேண்டுதல் இருந்தது என்று தாத்தாவும் இறங்கினார். மேலே போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு குடம் தண்ணீரைக் கேட்டு வாங்கினார். குடிக்க இல்லை, ரேடியேட்டருக்கு. "அடுத்த வருஷம் வேற இன்ஜின் போட்டுடறோம் சார், பறக்கும் பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே வேன் வேறு இன்ஜினோடு வந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அந்த வேன் ஸ்டாண்டர்ட் 20. சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி செய்தது. ஐம்பது வயசைத் தாண்டினவர்களுக்கு அந்த மொட்டை மூக்கு வேன் ஞாபகம் இருக்கும். அதன் வரலாறு முழுக்கவே, "இந்த வண்டிக்கு இன்ஜின் போதவில்லை, பெரிசா ஒண்ணு போடு" என்கிற ஒரே கோரிக்கையின் வரலாறு.

அது பிறந்தது இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரத்தில். 1958இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அட்லஸ் என்ற பெயரில் ஒரு சின்ன வேனை வெளியிட்டது. அதற்கு எட்டு வருஷம் முன்னாடி, 1950இல், ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் தன் பெட்டி மாதிரி வேனைக் கொண்டுவந்திருந்தது. அதுதான் பின்னாளில் கேம்பர்வேன் என்றாலே எல்லோருக்கும் நினைவு வருகிற வண்டி. அதில் இருந்தது 1,131 சி.சி. இன்ஜின், 25 குதிரைத்திறன். அவ்வளவுதான். ஆகவே குறைந்த சக்தியில் வேன் ஓட்ட முடியும் என்று பிரிட்டிஷ்காரர்களும் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அட்லஸுக்குள் அவர்கள் வைத்தது ஸ்டாண்டர்ட் டென் காரின் 948 சி.சி. இன்ஜின். சுமார் 35 குதிரைத்திறன். பெயரோ வானத்தையே தோளில் தூக்கிய கிரேக்க ராட்சசனின் பெயர்!

இந்த 948 சி.சி. இன்ஜினை நமக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் டென், 1961இலிருந்து வந்த ஹெரால்ட், 1970களில் வந்த கெஸல் எல்லாவற்றிலும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். நல்ல இன்ஜின், சிக்கனமான இன்ஜின். நாலு பேர் உட்காருகிற காருக்குப் போதும். அரை டன்னுக்கு மேல் பாரம் ஏற்றுகிற வேனுக்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு டன். பாதை பத்து அடிக்கு ஓர் அடி உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற வேண்டும் என்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 17 குதிரைத்திறன் வேண்டும். 40 கிலோமீட்டரில் ஏற வேண்டும் என்றால் 34. இன்ஜினின் 35-இல் கியர்பாக்ஸும் பின் அச்சும் தின்றது போகச் சக்கரத்துக்கு வருவது அதைவிடக் குறைவு. அதுவும் இன்ஜின் முழு வேகத்தில் அலறும்போது மட்டும். ஆக, முப்பதைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். இன்ஜின் தேய்ந்து, ரிங் போய், வெயில் 40 டிகிரி அடிக்கும் நாளில் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சின்ன இன்ஜினோடு கனமான வண்டியை நகர்த்த ஒரு வழி உண்டு. பின் அச்சில் இருக்கிற கிரௌன் பினியனின் பல் கணக்கை மாற்றி, இன்ஜின் அதிகம் சுற்ற, சக்கரம் குறைவாகச் சுற்றும்படி வைப்பது. சைக்கிளில் சின்னப் பல்லுக்கு மாற்றி மேடு ஏறுகிற மாதிரி. அட்லஸிலும் அதைத்தான் செய்தார்கள். மேடு ஏறிவிடும். ஆனால் சமதளத்தில் வேகம் கிடையாது, இன்ஜின் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். வேனில் இன்ஜின் எங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகரப் பெட்டிக்குள். நம்ம டிரைவர்கள் அதை பேனட் என்பார்கள். "இடம் இல்லையா, பேனட் மேல உட்காருங்க" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தமும் சூடும் நேராக ஆட்கள் மேல்தான்.

பிரிட்டனில் அட்லஸை மோட்டார் கேரவனாக மாற்றிக் கட்டி, குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனவர்களும் உண்டு. கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஏற்ற ஏற்ற எடை கூடியது. 948 சி.சி. திணறியது. கம்பெனிக்கும் புரிந்தது. 1960களின் ஆரம்பத்தில் 1,670 சி.சி. இன்ஜின் போட்டு அட்லஸ் மேஜர் என்று விற்றார்கள். அதற்குள் கம்பெனி லேலண்ட் கைக்குப் போயிருந்தது. 1963வாக்கில் அதே உடம்பு லேலண்ட் 15, லேலண்ட் 20 என்று பெயர் மாறியது. உள்ளே 2,138 சி.சி. பெட்ரோல் இன்ஜின், வேண்டுமென்றால் டீசலும் உண்டு. ஐந்து வருஷத்தில் ஒரே உடம்புக்குள் இன்ஜின் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. பெயரில் இருக்கிற 20 இன்ஜினைக் குறிக்கவில்லை. இருபது ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஒரு டன் பாரம் தாங்கும் என்று அர்த்தம். பின்னாளில் நம்ம ஊர் ஆட்கள் பலர் அதை 2000 சி.சி.யின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். தற்செயலாக அதுவும் கிட்டத்தட்டப் பொருந்தியது!

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஏனென்றால் அந்தப் பெரிய இன்ஜின் சாதாரண இன்ஜின் இல்லை. பழைய மெக்கானிக்குகள் அதன் பேரைச் சொன்னாலே முகம் மலர்வார்கள்.

1947இல் ஸ்டாண்டர்ட் கம்பெனி வேன்கார்ட் என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதற்கான நாலு சிலிண்டர் இன்ஜினை ஒரு விசேஷ முறையில் கட்டினார்கள். சாதாரணமாக இன்ஜின் பிளாக்கில் துளை போட்டு, அந்தத் துளைக்குள்ளேயே பிஸ்டன் ஓடும். தேய்ந்துபோனால் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரீபோர் பண்ண வேண்டும். இந்த இன்ஜினில் அப்படி இல்லை. குழாய் மாதிரி தனி ஸ்லீவ் இருக்கும். அதைப் பிளாக்குக்குள் இறக்கி வைத்தால், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பழைய ஸ்லீவை உருவி எடுத்துப் புதுசை இறக்கிவிடலாம். மரத்தடியில் உட்கார்ந்துகூடச் செய்யலாம் என்று சொல்வது மிகையில்லை.

இதில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. ஸ்லீவின் உள்வட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் இன்ஜின் பெரிசாகிவிடும். வேறு எதையும் அவ்வளவாகத் தொட வேண்டாம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எல்லாவற்றிலும் 92 மில்லிமீட்டர்தான். உள்வட்டம் 80 மில்லிமீட்டர் என்றால் 1,850 சி.சி.; அது ஃபெர்குசன் டிராக்டருக்குப் போனது. 83 என்றால் 1,991. அது டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய், இரட்டை கார்ப்புரேட்டரோடு 90 குதிரைத்திறன் கொடுத்தது. 85 என்றால் 2,088. அது வேன்கார்ட் கார். 86 என்றால் 2,138. அது நம்ம வேனின் பெரியண்ணன். வயலில் ஏர் உழுததும், ரேஸில் ஓடியதும், மூட்டை சுமந்ததும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள்.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் இந்த வேனைச் செய்வதை நிறுத்தினார்கள். அச்சுகளும் கருவிகளும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. இங்கே ஸ்டாண்டர்ட் 20 என்று மறுபிறவி. அந்த வகையில் சென்னைக்கு அதிர்ஷ்டம்தான். சின்ன இன்ஜின் போட்டுத் திணறிய முதல் பிறவியை நாம் பார்க்கவே இல்லை. இங்கிலாந்து தப்புப் பண்ணி, திருத்தி, கற்றுக்கொண்ட பிறகான வடிவம் நேராக நம்மிடம் வந்தது. 1977இல் கெஸல் கார் நின்றுபோன பிறகு, அந்தத் தொழிற்சாலையில் சில வருஷங்கள் கார் என்பதே கிடையாது. இந்த வேனை வைத்துத்தான் காலம் ஓடியது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த மொட்டை மூக்கு வேனாலும் அதன் பழைய இன்ஜினாலும்.

ஆனால் வேன் சொந்தக்காரர்களுக்கு வேறு தலைவலி. 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை எகிறியது. டீசல் அதைவிட நன்றாகவே மலிவு. இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற குடிக்கு வாடகை கட்டுப்படியாகாது. அதனால் இந்தியா முழுக்கப் பட்டறைகளில் ஒரு புதுத் தொழில் கிளம்பியது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவது. அம்பாசிடருக்கு மாட்டினார்கள், ஜீப்புக்கு மாட்டினார்கள், வேனுக்கும் மாட்டினார்கள்.

எந்த டீசல்? எது கைக்குக் கிடைத்ததோ அது. சென்னையில் சிம்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் இன்ஜின்கள் இருந்தன. டிராக்டரிலும் லாரியிலும் பேர் வாங்கினவை. 1980களில் இன்னொன்று வந்தது. புனேயின் பஜாஜ் டெம்போ கம்பெனி, மெர்சிடிஸ் பென்ஸின் ஓ.எம்.616 என்ற 2.4 லிட்டர் டீசல் இன்ஜினை உரிமம் வாங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்தது. ஜெர்மனியில் பென்ஸ் 240டி டாக்ஸிகளில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய இன்ஜின். இங்கே அது மெட்டடார் வேனுக்குள் உட்கார்ந்தது. மெட்டடார் அடிபட்டு நொறுங்கினால் உடம்பு காயலான் கடைக்கு, இன்ஜின் புதுப்பேட்டைக்கு. அங்கிருந்து யாரோ ஒருவரின் ஜீப்புக்கோ வேனுக்கோ. "பென்ஸ் இன்ஜின் போட்டிருக்கு சார்" என்று டிரைவர் மார்தட்டிக்கொள்வது இதை வைத்துத்தான்.

இன்ஜின் மாற்றுவது என்றால் பழசைத் தூக்கிவிட்டுப் புதுசை வைப்பது என்று நினைத்தால், ஐயோ பாவம். முதலில் அது உட்காரும் கால்களே ஒத்துவராது. புதுசாக வெல்டு பண்ண வேண்டும். மெட்டடார் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. அதன் கியர்பாக்ஸ் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு உதவாது. ஆகவே மெட்டடார் இன்ஜினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் பிளேட் ஒன்றை லேத்தில் கடைய வேண்டும். நூலிழை கோணல் இருந்தாலும் கிளட்ச் உதறும், கியர்பாக்ஸ் பேரிங் தின்றுபோகும். ரேடியேட்டர் போதாது. சைலன்சர் பாதை மாறும். டீசல் மெதுவாகச் சுற்றுகிற இன்ஜின் என்பதால் பின் அச்சின் பல் கணக்கையும் மாற்ற வேண்டும். பலர் மாற்ற மாட்டார்கள், அது இன்னொரு செலவு. மொட்டை மூக்கு வேனில் இத்தனையும் சீட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தகரப் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும்.

இதையெல்லாம் செய்த கைகள் எந்தக் காலேஜிலும் படிக்காத கைகள். நான் அவர்களைக் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் அவர்களிடம் போன வேன் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இழுக்குமா?" யாரும் "நிற்குமா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

நம்ம வேன் கதைக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்சம் முன்னாடி மறுபடியும் திருத்தணி. அதே டிரைவர், அதே வேன், உள்ளே மெட்டடார் டீசல். பேனட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குக் காது அடைத்துப்போனது. ஆனால் மலைப்பாதையில் யாரையும் இறக்கிவிடவில்லை. பதினாறு பேரோடும் இரண்டாம் கியரில் குடுகுடுவென்று ஏறிவிட்டது. கைதட்டினோம். தாத்தா மட்டும் படியேறித்தான் வருவேன் என்று அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டார்.

தரிசனம் முடிந்து இறங்கும்போதுதான் வினை. பாதி வழியில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார், மிதி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக ஓரத்து மண்ணில் உரசி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாட்டி, முருகன் காப்பாற்றினான் என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குத் திருப்பதி போகவில்லை. திருத்தணி ஸ்டேஷனில் ரயில் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. முதலாவது, எடை. டீசல் இன்ஜின் கனம். பிரேக் டிரம்மோ பழசு. இரண்டு டன் வண்டி நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஆறு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. நாலு இரும்பு டிரம்முக்குள் அது சில நிமிஷங்களில் இறங்குகிறது. இரண்டாவது, நுட்பமான விஷயம். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், உள்ளே காற்று போகிற வழி அடைபடும். இன்ஜின் மூச்சுத் திணறி வண்டியைப் பின்னால் இழுக்கும். பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் சர்வோ இருக்கிற வண்டிகளில் அந்த உறிஞ்சலும் அங்கிருந்துதான் வரும். டீசலில் பொதுவாக அந்த அடைப்பு இல்லை. சர்வோ வேண்டுமென்றால் தனி வேக்குவம் பம்ப் மாட்ட வேண்டும். இறக்கத்தில் பின்னால் இழுக்கிற குணமும் குறைவு. ஏறுவதற்கான வேலை எல்லாம் நடந்திருந்தது. இறங்குவதற்கான வேலை எதுவும் நடக்கவில்லை.

இதே மாதிரி ஒரு தப்பு, பெரிய அளவில், அதே காலத்தில் பெருங்களத்தூரில் நடந்தது. இது தனி ஆள் கதை இல்லை, ஒரு கம்பெனியின் கதை.

1980களில் கார் சந்தை மாறத் தொடங்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பணக்காரர்களுக்குப் பெரிய கார் ஒன்று கொடுக்கலாம் என்று ஸ்டாண்டர்ட் கம்பெனி யோசித்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்ற காரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977ஆம் வருஷத்து ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கின வண்டி. அழகான வண்டி. அதன் பெரிய வடிவத்தில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். அதை அப்படியே இறக்குமதி செய்ய அன்றைய உரிமமும் அந்நியச் செலாவணியும் இடம் கொடுக்கவில்லை. கம்பெனி கையில் சொந்தமாக என்ன இன்ஜின் இருந்தது? வேன் இன்ஜின். அதே 83 மில்லிமீட்டர் ஸ்லீவ், 92 மில்லிமீட்டர் ஓட்டம், 1,991 சி.சி. வேன்கார்ட் காலத்து வயசாளி. அதைச் சீர்செய்து, 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று வெளியிட்டார்கள். சுமார் 83 குதிரைத்திறன்.

வேனுக்குள் அது ராஜாவாக இருந்தது. மெதுவாகச் சுற்றி, நிதானமாக இழுத்து, கெட்டுப்போனாலும் எளிதாகச் சரியாகிற இன்ஜின். ஆனால் அந்தக் காலத்தில் அவ்வளவு விலை கொடுத்து ஐரோப்பிய சொகுசு கார் வாங்குகிறவர் எதிர்பார்ப்பது வேறு. சத்தம் இருக்கக் கூடாது, நெடுஞ்சாலையில் சட்டென்று முந்த வேண்டும். அதோடு வண்டி கனம் என்பதால் பெட்ரோலும் தாராளமாகக் குடித்தது. விற்பனை நொண்டியது. 1988இல் தொழிற்சாலையே நின்றது. காரணம் இன்ஜின் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். பணம், தொழிலாளர் பிரச்சினை, போட்டி எல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் காரை ஓட்டினவர்கள் முதலில் சொன்ன குறை எப்போதும் இன்ஜின்தான்.

நியாயமாகச் சொல்வதென்றால் இதே தப்பைச் செய்து பிழைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸா என்ற பெரிய காரைக் கொண்டுவந்தபோது அதற்குள் அம்பாசிடரின் 1,489 சி.சி. இன்ஜினைத்தான் வைத்தது. யானைக்கு ஆட்டுக்குட்டியின் இதயம். ஆனால் சில வருஷத்தில் ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜினை, அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து வைத்தார்கள். கார் பிழைத்தது, பிறகு பல வருஷம் ஓடியது. ஸ்டாண்டர்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

பெருங்களத்தூர் தொழிற்சாலையின் மிச்சசொச்சம் 2006வாக்கில் ஏலத்துக்கு வந்தபோது, உள்ளே ரோவர் உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. பழைய கார் பிரியர்களுக்கு விற்கிற ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அவற்றை வாங்கித் திரும்பவும் இங்கிலாந்துக்கே கொண்டுபோனது. கதவு, பானல், விளக்கு எல்லாம் கடல் தாண்டிப் பிறந்த வீட்டுக்கு.

இப்போது பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில் போட்டு, ஊர் சுற்றக் கிளம்புகிற இளைஞர்கள் நிறைய. பெரும்பாலும் மாருதி ஆம்னி. 1984இல் வந்த 796 சி.சி. வண்டி. இது சுசுகி கேரி குடும்பம். இதே குடும்பத்துத் தம்பி ஒருவனை பிரிட்டனில் பெட்ஃபோர்டு ராஸ்கல் என்று செய்து, அதன்மேல் பாம்பி என்ற குட்டி கேம்பர்வேனைக் கட்டினார்கள். அதில் 970 சி.சி. அவர்களுக்கும் மேடு வந்தால் அதே கவலைதான். இங்கே ஆம்னிக்குள் எஸ்டீம் இன்ஜினையோ அதன் உறவுக்கார 1.3 லிட்டரையோ திணித்துவிட்டு வீடியோ போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாருதியே வெர்ஸாவில் 1.3 லிட்டரும், 2010இல் ஈகோவில் 1.2 லிட்டரும் வைத்தது உண்மை. ஆனால் உடம்பு, பிரேக், அச்சு எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றி வடிவமைத்த பிறகுதான் வைத்தது.

கேட்டு எழுதுகிறவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி., மின்சாரம் மாதிரி எரிபொருள் மாற்றத்துக்கு, அங்கீகரித்த கிட் போட்டால் தனி வழி இருக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. என் சின்ன வயசில், பட்டறையில் மாட்டின இன்ஜினோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஆர்.சி.யில் எழுதி வாங்கினவர்களும் உண்டு. காட்டாமலே ஓட்டினவர்களும் உண்டு. பழைய சட்டத்தின் காலம் அது. இன்றைக்கு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான்.

நம்ம டிரைவருக்குக் கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதற்கப்புறம் அப்பா ஒருநாள் அவரைப் பாரிமுனையில் பார்த்தார். வேனை விற்றுவிட்டாராம். வாங்கினவர் திண்டிவனம் பக்கம் காய்கறி ஏற்றுகிறார், மேடே இல்லாத ரோடு என்று சொன்னாராம். மலைக்குப் போகிறவருக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லையாம்.